வலைக்கண்ணுக்குள் ஒரு சாய்சதுரம்

கரும்பலகையில் ஒரு சதுரத்தை நேராக வரைந்து, இது என்ன உரு என்று தரம் 6 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "சதுரம் சேர்!" என்று வகுப்பே அதிரும். அதே சதுரத்தை ஒரு மூலை கீழே வரும்படி 45 பாகை திருப்பி வரைந்தால் சத்தம் குறைந்துவிடும். ஒருவன் சாய்சதுரம் என்பான், ஒருத்தி டயமண்ட் என்பாள். சாய்சதுரம் என்றவன் சொன்னதில் பிழையில்லை. சதுரம் எல்லாமே சாய்சதுரம்தான். ஆனால் அவன் அந்த நியாயத்தை நினைத்துச் சொல்லவில்லை. படம் சாய்ந்திருக்கிறது, ஆகவே சாய்சதுரம்.

இதற்குக் கைகண்ட மருந்து வாப்பாவின் போன். வீட்டுத் தரையில் ஒரு மாபிளைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு நின்ற இடத்திலேயே போனை மட்டும் சரித்து இன்னொரு படம். இரண்டாவது படத்தில் மாபிள் மூலையில் நிற்கும். தரையில் அது அசையவே இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும், ஏனென்றால் அதன் மேல்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். பக்கங்கள் நான்கும் சமம், கோணங்கள் நான்கும் செங்கோணம். திருப்பினால் இவை எங்கும் போவதில்லை என்பதைக் கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்கலாம். போனில் அது இரண்டு படம்.

உருக்களைப் படம் பிடித்துக் கேத்திரகணிதம் படிக்கிற முறை உலகில் பல இடங்களில் ஆசிரியர்கள் கையாள்வதுதான். பிள்ளை வீட்டில், வீதியில், கடையில் கண்ட உருவைப் படம் எடுத்துவரும். படத்தின் மேலேயே கோடு இழுக்கும், பாகைமானி வைக்கும், பெயர் எழுதும். பாடசாலைக்குள் போன் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் எடுக்கிற வேலை மாலையில்தான். கொரோனாக் காலத்து ஒன்லைன் வகுப்பு எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் போனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. 2022இல் தாள் தட்டுப்பாடாகி விலை ஏறிக் கிடந்தபோது, தாளே கேட்காத இந்தப் பயிற்சியின் அருமை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது.

ஊரும் இதற்கு வாய்ப்பான ஊர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்று முடிவதும் மற்றது தொடங்குவதும் தெரியாமல் ஒட்டிக்கொண்டு போகிற அம்பாறை மாவட்டக் கரை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் நெருக்கமாக வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள், தறிகள், தோணிகள். பாடப்புத்தகத்தில் இருக்கிற உருக்களில் இங்கே கிடைக்காதது குறைவு. அப்படியே அச்சடித்தாற்போல் கிடைப்பதும் குறைவுதான். அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் நான் ரசிக்கிறேன்.

பள்ளிவாசல் முற்றங்களில் பதித்திருக்கும் இன்டர்லொக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அறுகோணிக் கல் பதித்த முற்றமென்றால் யோகம். ஒழுங்கான அறுகோணியின் ஒரு கோணம் 120 பாகை. மூன்று கல் ஒரு புள்ளியில் சேர்ந்தால் 360. இடைவெளி இல்லை, மேலேறலும் இல்லை. தெசலாக்கம் என்ற பாடம் இவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் புத்தகத்துத் தெசலாக்கம் பக்கத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். முற்றத்துத் தெசலாக்கம் மதிலில் போய் முட்டும். முட்டும் இடத்தில் மேசன் என்ன செய்தார் என்று பிள்ளைகளை ஓரத்தைப் படம் பிடிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பக்க மதிலோரம் எதிரெதிர் உச்சிகளுக்கூடாக வெட்டிய அரைக் கல். அது சரிவகம், 60, 60, 120, 120. அடுத்த பக்க மதிலோரம் எதிர்ப்பக்கங்களின் நடுவால் வெட்டிய அரைக் கல். அது ஐங்கோணி, இரண்டு செங்கோணமும் மூன்று 120உம். கூட்டிப் பார்த்தால் 540 வரும். ஒரே கல்லை இரு வகையாகப் பாதியாக்கி நான்கு பக்கமுள்ள ஒன்றையும் ஐந்து பக்கமுள்ள ஒன்றையும் எடுத்த அந்த மேசனுக்கு இந்தப் பெயர்கள் தேவைப்பட்டிருக்காது. மதிலோரத்தில் குந்தியிருந்து படம் எடுக்கிற பிள்ளைக்குத் தேவைப்படுகிறது.

தரையோட்டை வைத்துப் படிப்பிப்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. ஒல்லாந்தில் டீனா வான் ஹீல-கெல்டோஃப் என்ற ஆசிரியை பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தரை பதிக்கும் உருக்களைக் கொண்டே கேத்திரகணிதம் தொடங்கிவைத்தார். அவரும் கணவர் பியர் வான் ஹீலவும் 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடுகளில்தான், பிள்ளைகள் முதலில் உருவை அதன் முழுத் தோற்றத்தால் அடையாளம் காண்கிறார்கள், பிறகே பக்கம், கோணம் என்ற இயல்புகளால் காண்கிறார்கள் என்ற படிநிலைக் கருத்து வந்தது. சரிந்த சதுரத்தை டயமண்ட் என்றவள் முதற்படியில் நிற்கிறாள். அவளை அடுத்த படிக்கு ஏற்றுவதற்குச் சொல்லைவிடக் கால் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். காரணம், கெமரா உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை, நிற்கிற இடத்துக்கேற்பவே காட்டும்.

"சேர், எங்கட கிணறு வட்டம்தானே? படத்தில முட்டை மாதிரி வந்திரிக்கி."

"எங்க நிண்டு எடுத்த மகள்?"

"கிணத்தடியிலதான்."

"அப்ப எங்க நிண்டா வட்டமா வரும்?"

கொஞ்சம் யோசித்தாள். "நடுவுக்கு நேர மேல தொங்கணும் சேர்."

சரியான விடை, செய்யத்தான் கூடாது. கிணற்றை விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் வாளியை நிலத்தில் வைத்து எடுக்கச் சொன்னேன். வாளியில் ஒரு வசதி இருக்கிறது. வாய் அகலம், அடி ஒடுக்கம். போன் சரியாக நடுவுக்கு மேலே இருந்தால் வாயும் அடியும் ஒருமைய வட்டங்களாகத் தெரியும், இரண்டுக்கும் இடையில் வாளியின் உட்சுவர் சுற்றிவர ஒரே அகலத்தில் நிற்கும். கை ஓர் அங்குலம் விலகினாலும் சுவர் ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் மெலியும். அவள் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தபோது சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள் அங்குமிங்கும் அலைந்து மெல்ல மெல்ல நடுவுக்கு வருவது தெரிந்தது. வட்டத்தின் மையத்தினூடாக அதன் தளத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு உண்டு என்பதைப் புத்தகத்தில் படிக்குமுன்பே அவள் கை அதைத் தேடிப் பிடித்துவிட்டது.

வாசல் கேட்டும் அப்படித்தான். செவ்வகக் கேட்டைப் பக்கத்தில் நின்று எடுத்தால் அது சரிவகமாகிவிடும். கிட்ட இருக்கிற தூண் நெடுப்பம், எட்ட இருக்கிறது கட்டை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் மினாராவின் அடியில் நின்று போனை அண்ணாத்தி எடுத்தால், இரு விளிம்பும் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். நாகூர் ஆண்டகை நினைவுக் கொடியேற்றத்துக்குக் கூட்டம் கூடுகிற நாட்களில் எல்லார் போனிலும் இருப்பது இந்தச் சாய்ந்த மினாராதான். சமாந்தரக் கோடுகள் சந்திப்பதில்லை என்று படித்த பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். நீக்கவும் வழி உண்டு. கடலை நோக்கி மணலில் நடந்து, திரும்பி நின்று, போனை நிலத்துக்குச் செங்குத்தாகப் பிடித்தால் விளிம்புகள் மீண்டும் சமாந்தரமாகிவிடும். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிற அந்தச் சில நிமிடத்தில் நடப்பதுதான் பாடம். படம் அதன் ரசீது.

ஒளி நேர்கோட்டில் போவதால் வருகிற விளையாட்டு இவ்வளவும். ஆயிரம் ஆண்டுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், சின்னத் துளையினூடாகச் சூரிய கிரகணத்தின் ஒளி விழுந்தால் அது ஏன் பிறை வடிவில் விழுகிறது என்று ஒரு நூலே எழுதினார். துளை எந்த வடிவமாக இருந்தாலும் போதிய அளவு சின்னதென்றால் விழுவது சூரியனின் உரு. 2019 டிசம்பர் 26 காலையில் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் வளையக் கிரகணம். எங்கள் கரைக்குப் பகுதிக் கிரகணம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கடல்கோளுக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்த அதே காலை. வெயில் இருந்த இடங்களில் மரத்தடி நிழல்களுக்குள் அன்று வட்டங்களுக்குப் பதில் பிறைகள் கிடந்தன. கிரகணத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. எந்த நாளும் நண்பகலில் இலை நிழலுக்குள் வட்டங்கள் கிடக்கும். இலைகளின் இடுக்கு எதுவும் வட்டமில்லை என்பதைப் பிள்ளை அண்ணாந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி வலைக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கரையில் காயப்போட்டிருக்கும் வலையின் ஒரு கண்ணைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நான்கு முடிச்சு, நான்கு சம பக்கம். பக்கம் மாறாது, நூலும் முடிச்சும் அதை விடாது. கோணம் மட்டும் மாறும். வலையை நெடுக்கே இழுத்தால் கண் ஒடுங்கும், அகல விட்டால் விரியும். ஒரு கண்ணின் பக்கம் 3 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். செங்கோணமாக விரிந்திருக்கும்போது அது சதுரம், பரப்பளவு 9 சதுர சென்ரிமீற்றர். மேல்முனைக் கோணம் 30 பாகைக்கு ஒடுங்கினால் பரப்பளவு சரிபாதி, 4.5. சுற்றளவு முதலிலும் 12, பிறகும் 12. முழுக்க இழுத்து நூலோடு நூல் ஒட்டிவிட்டால் பரப்பளவே இல்லை, அப்போதும் சுற்றளவு 12தான். சுற்றளவு சமமென்றால் பரப்பளவும் சமம் என்று நம்பாத பிள்ளை அபூர்வம். அந்த நம்பிக்கையை உடைக்க இரண்டு ஆணியும் ஒரு துண்டு பழைய வலையும் போதும். நேர் முன்னால் நின்று, வலையின் தளத்துக்குப் போனைச் சமாந்தரமாகப் பிடித்து, இழுக்க இழுக்க ஒவ்வொரு படம். மூலைவிட்டங்கள் ஒன்று நீள ஒன்று குறுகும். எவ்வளவு மாறினாலும் ஒன்றையொன்று செங்கோணத்தில்தான் வெட்டும். இதைப் படத்தின் மேல் கோடு இழுத்துப் பார்க்கிற பிள்ளையின் முகம் பார்க்க வேண்டியது.

இதோடு நிற்பதில்லை. வலையைக் கயிற்றில் கோக்கும்போது இழுத்த நீளத்துக்கு அப்படியே கட்டமாட்டார்கள். அப்படிக் கட்டினால் கண் மூடியே கிடக்கும், மீன் எதில் படுவது? சுருக்கிக் கட்டுவார்கள். முழுக்க இழுத்தால் 100 மீற்றர் வரக்கூடிய வலையை 50 மீற்றர்க் கயிற்றில் கோத்தால், ஒவ்வொரு கண்ணின் குறுக்கு மூலைவிட்டமும் அதன் பக்கத்துக்குச் சமமாகிவிடும். அதாவது ஒவ்வொரு கண்ணும் இரண்டு சமபக்க முக்கோணி சேர்ந்த சாய்சதுரம். மேலும் கீழும் 60, பக்கங்களில் 120. அதே வலையை ஏறத்தாழ 71 மீற்றர்க் கயிற்றில் கோத்தால் கண் சதுரமாகும். திறப்பு ஆகக் கூடுவது அப்போதுதான். மீனின் உடம்பு எந்தப் பக்கம் ஒடுக்கம், எந்தப் பக்கம் அகலம் என்று பார்த்து எவ்வளவு சுருக்குவதென்று தீர்மானிக்கிறவர்கள் சைன், கோசைன் படித்தவர்களல்லர். அவர்கள் கோத்த வலையை நேராகப் படம் எடுத்து, பாகைமானியைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் 60ஐச் சுற்றி வரும் இலக்கங்களைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

கரைவலை படத்துக்கு மசியாது. ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போய், வலையை வளைத்து இறக்கிக்கொண்டு, மறுமுனையோடு தள்ளிக் கரை சேரும். கரையே நாண், வலை வில். இரு பக்கமும் இழுக்கிறவர்கள் இழுத்தபடியே ஒருவரையொருவர் நோக்கி நடப்பார்கள். நாண் குறுகக் குறுக வில் ஒடுங்கி, கடைசியில் மடி மட்டும் கரைக்கு வரும். ஆனால் மணலில் நிற்கிற பிள்ளையின் படத்தில் வில்லே இல்லை. மிதப்புகள் தண்ணீரில் ஏறத்தாழ நேர்கோடாகத் தெரியும். கண் மட்டத்திலிருந்து பார்த்தால் கிடந்த வட்டமெல்லாம் கோடாகிவிடும்; வாளியில் படித்த அதே பாடம், இம்முறை நின்ற இடத்தை மாற்ற வழியில்லாமல். ஏதாவது ஒரு மாடி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இரு பக்கத்து ஆட்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அடியால் அளந்து, அளவிடைப் படமாக வரைய வேண்டியதுதான். கெமரா தோற்கிற இடத்தில் கவராயம் வந்து கைகொடுக்கிறது.

மருதமுனைச் சாரனை ஓர் அசல் கட்டம் வரைந்த தாளாக நினைத்தால் ஏமாற்றம்தான். பாவில் நிறங்கள் ஓடும் ஒழுங்கு தறியில் ஏறும்போதே முடிவாகிவிடும். குறுக்கே அந்த ஒழுங்கைக் காப்பது நெய்கிறவரின் கை. அடி கொஞ்சம் பலமாக விழுந்தால் இழை நெருங்கும், கட்டம் சதுரமாக வராமல் ஒரு மயிரிழை தட்டைச் செவ்வகமாகும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு கட்டத்தின் இரு பக்கங்களையும் அளந்து பார்த்தால் பாவின் திசை எது, ஊடையின் திசை எது என்று சில நேரம் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சமச்சீர் அச்சுத் தேடவும் போனில் ஒரு குறுக்குவழி உண்டு: படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் திருப்பும் பொத்தான். திருப்பியும் கோடுகளின் நிற வரிசை அதேபோல் நின்றால் நடுவால் அச்சு போகிறது. நீலம், வெள்ளை, பச்சை என்று போய் நடுவில் திரும்பாமல் மறுபடி நீலம், வெள்ளை, பச்சை என்றே தொடரும் சாரனில் அப்படியான அச்சு இல்லை. உடுத்துகிற வாப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சைக்கிள் சில்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. வட்டத்தின் ஆரைக்கு உதாரணம் கேட்டால் சைக்கிள் கம்பி என்று எழுதாத பிள்ளை இல்லை, திருத்துகிற ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். சைக்கிளைச் சரித்து வைத்து, அச்சுக்கு நேராகப் போனைப் பிடித்து எடுத்த படத்தில் ஒரு கம்பியின் மேல் கோடு இழுத்து நீட்டிப் பாருங்கள். அது மையத்துக்குப் போகாது. நடுவிலுள்ள உருளையின் விளிம்பை உரசிக்கொண்டு பக்கத்தால் போய்விடும். பெரும்பாலான சைக்கிள்களில் கம்பிகளை நடுவட்டத்துக்குத் தொடலிபோலச் சாய்த்துத்தான் பூட்டுவார்கள். பெடலை மிதிக்கிற விசை நடு உருளையிலிருந்து சில்லுக்குப் போய்ச் சேர அந்தச் சாய்வு வேண்டும். மாட்டுவண்டிச் சில்லின் மரக்கால்கள் மையத்தை நோக்கியே நிற்கும், அவை ஆரை. சைக்கிளில் ஆரையைக் காணவில்லை என்ற செய்தி தரம் 8இல் உண்டாக்குகிற கலவரம் எனக்குப் பிடிக்கும். கோணம் பார்க்க அதே படம் உதவும்: 36 கம்பிச் சில்லென்றால் வளையத்தில் அடுத்தடுத்த இரு கம்பி முனைகளுக்கு மையத்தில் 10 பாகை.

தேநீர்க் கடைக் கண்ணாடிப் பெட்டியையும் விடுவதில்லை. ரோல்ஸ் உருளை, கட்லட் கோளம், பெட்டிஸ் அரைவட்டம், மரக்கறி ரொட்டி முக்கோணி. கடைசியாகச் சொன்னதில்தான் விஷயம். மாவுப் பட்டையின் முனையை 45 பாகையில் மடித்து மடித்துப் போனால் செங்கோண இருசமபக்க முக்கோணி, 60இல் மடித்தால் சமபக்க முக்கோணி. மடிக்கிறவரின் கை எதற்குப் பழகியது என்பதை ஒரு ரொட்டியின் படமே சொல்லிவிடும், அதைத் தின்னுமுன் எடுத்திருந்தால்.

இந்த முறையில் குறையும் உண்டு. விட்டுவிட்டால் பிள்ளைகள் கதவும் ஜன்னலுமாகச் செவ்வகத்தையே குவித்துக்கொண்டு வருவார்கள். படத்தில் அளந்த முக்கோணியின் கோணங்களைக் கூட்டினால் 178 வரும், 181 வரும். 180 என்று காட்டித்தர எந்தப் படத்தாலும் ஆகாது, அதற்குச் சமாந்தரக் கோடு வரைந்து நியாயம் சொல்லித்தான் ஆக வேண்டும். படத்தை நிறுவலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் தரம் 10இல் அந்தப் பிள்ளை பாடுபடும். அதனால், எங்கே நின்றாய் என்ற கேள்விக்குப் பதில் எழுதாத படத்தை நான் ஏற்பதில்லை.

அந்தக் கேள்விக்கு ஒருமுறை ஒருவன் சரியாகவே பதில் எழுதியிருந்தான்: சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையில், போனை நேராகப் பிடித்து, உதிக்கிற சூரியனுக்கு நேர் எதிரே. ஆனாலும் சூரியன் வட்டமாக வரவில்லை. மேலும் கீழும் அமுங்கி இருந்தது. போன் பிழை என்றான். பிழை போனிலென்றால், போனைக் குறுக்காகத் திருப்பி எடுத்தால் அமுக்கமும் அதோடு திரும்ப வேண்டுமே, நாளைக்கு இரண்டு விதமாகவும் எடு என்றேன். எடுத்துவந்தான். இரண்டிலும் சூரியன் கடலுக்குச் சமாந்தரமாகவே தட்டையாக இருந்தது. அடிவானத்தை ஒட்டிய ஒளி தடித்த காற்றினூடாக வளைந்து வருகிறது. கீழ் விளிம்பின் ஒளி மேல் விளிம்பினதைவிடக் கூடுதலாக வளைவதால் சூரியனின் உயரம் ஆறில் ஒரு பங்களவு குறைந்து தெரியும் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு அவன் கேட்டான்: "அப்ப எங்க நிண்டா சேர் வட்டமா வரும்?" நிற்கிற இடத்தை மாற்றிப் பயனில்லை, கொஞ்ச நேரம் பொறுத்து எடு என்றேன். எத்தனை நிமிடம் என்று கேட்டு, அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டான்.